பூனை மூக்கில் ஒரு புள்ளி

தூங்கும் பூனையின் மூக்கில் உட்கார்ந்திருப்பது ஈயா, தூசியா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. படம் டிஸ்க்காக வெளிவந்து, விற்றும் தீர்ந்துவிட்டது. ஆனாலும் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தப் புள்ளி நினைவுக்கு வந்துவிடுகிறது.

என் வேலை பழைய கார்ட்டூன் படங்களைச் சுத்தம் செய்வது. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அந்தக் காலத்துப் படச்சுருள்களை வாங்கி, சென்னைக்கு அனுப்பி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஃபிரேமாகத் தூசியும் கீறலும் நீக்கி, ப்ளூரே டிஸ்க்காக வெளியிடுகிறோம். எல்லாம் போனிலேயே கிடைக்கும் காலத்தில் டிஸ்க் யார் வாங்குவார்கள் என்று என் கணவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாங்குகிறவர்களைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் போயிற்று. வேறு சந்தேகங்கள் வந்தன.

இது கல்யாண ஆல்பம் அல்ல

மகள் மீனு பிறப்பதற்கு முன்னால் நான் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். மணப்பெண்ணின் முகத்தில் பருவை அழிப்பது, மாப்பிள்ளையின் கழுத்து வியர்வையைத் துடைப்பது, பின்னால் கொட்டாவி விடும் மாமாவை வெட்டி எடுப்பது. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தேன்.

முதலாளி சங்கரேட்டன். எங்களைப் போலவே பல தலைமுறைக்கு முன் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். முதல் நாள் பயிற்சிக்காக ஒரு யானைப் படத்தின் சில ஃபிரேம்களைக் கொடுத்தார். நான் தூசியை நீக்கினேன். யானையின் முதுகுக் கோடு ஓர் இடத்தில் கொஞ்சம் நடுங்கியிருந்தது. அதையும் நேராக்கினேன். நல்ல பெயர் வாங்கலாம் என்ற எண்ணம்தான்.

சங்கரேட்டன் திரையைப் பார்த்தார்.

"யானைக்கு எந்தா பற்றி, என்ன ஆச்சு? இஸ்திரி போட்டாச்சா?"

"கோடு கோணலா இருந்துச்சு, ஏட்டா. சரி பண்ணினேன்."

"சுபா, இது கல்யாண ஆல்பம் இல்ல. வரஞ்சவன் கை நடுங்கியிருந்தா அந்த நடுக்கம் இருக்கணும். தூசி மட்டும் போனா மதி."

தூசி மட்டும் போனால் போதும். கேட்பதற்கு எளிதான விதி. எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன்.

அன்றே இன்னொன்றும் சொன்னார். அதுவரை சுத்தம் செய்யும் வேலையை மும்பையில் ஒரு இடத்துக்குக் கொடுத்துவந்தார். இந்த டிஸ்க்குக்குத்தான் முதன்முறையாக இங்கேயே செய்து பார்க்கிறார். "வாங்கறவங்க சரின்னு சொன்னா வேலை இங்கயே இருக்கும். இல்லேன்னா மறுபடி மும்பைக்குப் போகும். பின்னே உனக்கு இங்க வேலை இருக்காது. முன்னாடியே சொல்லிட்டேன்."

மீனுவின் ப்ளே ஸ்கூல் மூன்றேகாலுக்கு விடும். கணவருக்கு வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலில் ஷிப்ட் வேலை. பிள்ளையை அழைக்க மூன்று மணிக்கு என்னை விடுகிற இடம் இது ஒன்றுதான். அதனால் வாங்குகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் முதல் நாளிலிருந்தே என்னோடு இருந்தது.

காத்திருப்பவர்கள்

நாங்கள் வெளியிடவிருந்த டிஸ்க்கில் பல குறும்படங்கள். எல்லாரும் காத்திருந்தது ஒரு பூனைப் படத்துக்கு. என் பெற்றோர் பள்ளியில் படித்த காலத்தில் சென்னையில் ஒரு சிறிய குழு வரைந்த படம். பள்ளிக்கூட ஹால்களில் திரை கட்டிக் காட்டியிருக்கிறார்கள். மீன்காரியின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பூனை தூங்குவதுபோல நடித்து, கடைசியில் உண்மையிலேயே தூங்கிவிடும். அவ்வளவுதான் கதை. மூடிப்போன ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரே ஒரு பிரதி கிடைத்தது. வரைந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து போன் அடங்கவில்லை. போனை எடுப்பதும் என் வேலை. இவர்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. எதையும் இரண்டு பிரதி வாங்குவார்கள். ஒன்று பார்க்க, ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைக்க. டைட்டில் கார்டு ஒரிஜினலா, எங்கேயாவது வெட்டியிருக்கிறதா என்று கேட்பார்கள். அலமாரியில் வரிசையாக வைக்கும்போது பெட்டியின் முதுகு நிறம் முந்தைய டிஸ்க்குகளோடு ஒத்துப்போகுமா என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார்.

அதிகம் கூப்பிட்டவர் வர்கீஸ் சேட்டன். தோப்பும்படியில் போட் இன்ஜின் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். குளச்சல் மீனவர்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். அடுத்தவர் கலூர் ரஷீது சார். பள்ளியில் கணக்கு வாத்தியார், வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தினமும் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் சங்கரேட்டன் அவசரமாக ஒரு முன்னோட்டத் துண்டு வெளியிட்டார். கையால் சுத்தம் செய்ய நேரமில்லை, ஆட்டோ கிளீன் போட்டுவிட்டார். ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்த ஃபிரேமில் இல்லாத எதையும் சாஃப்ட்வேர் தூசி என்றே நினைத்துக்கொள்ளும். அடுத்த நிமிடமே போன் வந்தது.

"மோளே, வர்கீஸ் பேசறேன். பூனைக்கு மீச எவிடே?"

திரையில் பார்த்தேன். துடித்துக்கொண்டே இருக்கும் மீசை முழுவதும் போயிருந்தது.

"சேட்டா, அது முன்னோட்டம் மட்டும்தான்…"

"முன்னோட்டத்துக்கு ஷேவ் பண்ணி விட்டதா? ரிலீஸ் ஆகறதுக்குள்ள வளருமோ?"

அதன் பிறகு எல்லாவற்றையும் கையால் செய்வது என்று முடிவாயிற்று. நான் மட்டும். மீசையை ஒவ்வொரு ஃபிரேமாகத் திரும்பக் கொண்டுவந்தேன்.

புள்ளி

அப்படிச் செய்துகொண்டு வந்தபோதுதான் புள்ளியைப் பார்த்தேன். பூனை தூங்கும் காட்சியில், மூக்கின் நுனிக்குச் சற்று மேலே, கடுகளவு.

தூசி இரண்டு விதம். படச்சுருளின் மேல் பிற்பாடு ஒட்டியது ஒன்று. அது ஒரு ஃபிரேமில் தெரியும், அடுத்ததில் இருக்காது. அதை நீக்கலாம். இன்னொன்று, வரைந்த அன்றே செல் மேல் விழுந்து, படத்தோடு சேர்ந்து கேமராவில் பதிந்தது. செல் என்பது பூனையை வரைந்த கண்ணாடித் தாள். ஒரே தாள் எவ்வளவு நேரம் கேமராவுக்குக் கீழே இருக்கிறதோ அவ்வளவு நேரமும் அந்தத் தூசி அசையாமல் இருக்கும். இதை நீக்குவதா வேண்டாமா என்பதில் இந்தத் தொழிலில் ஒரே கருத்து கிடையாது. சங்கரேட்டனின் வழக்கம், கண்ணை உறுத்தினால் நீக்குவது.

இந்தப் புள்ளி பூனை தூங்கும் நேரம் முழுவதும் அசையாமல் இருந்தது. அப்படியானால் செல் மேல் விழுந்த தூசி. ஆனால் நடுவில் ஒரு முறை, மேலே வைத்த வேறொரு தாளில், பூனையின் மூக்கு லேசாகச் சுழிக்கிறது. ஈ உட்கார்ந்தால் பூனை அப்படித்தான் செய்யும். அப்படியானால் வரைந்த ஈ.

ப்ளே ஸ்கூல் லீவு நாளில் மீனுவை அலுவலகத்துக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. என் மடியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தவள், "ஈச்ச" என்றாள். மலையாளத்தில் ஈ. எனக்குப் பெரிய நிம்மதி. குழந்தைகளுக்காக எடுத்த படம், குழந்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சங்கரேட்டனைக் கூப்பிட்டேன். மீனு அவர் சட்டைப் பையில் காய்ந்திருந்த சாயாக் கறையைக் காட்டி, "ஈச்ச" என்றாள்.

"ஆளு உறுதியாத்தான் இருக்கா," என்றார் சங்கரேட்டன்.

பஞ்சாயத்து

மாஸ்டர் பிரதி டிஸ்க் அச்சடிக்கும் பிளான்ட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் சங்கரேட்டன் வர்கீஸ் சேட்டனையும் ரஷீது சாரையும் வரச் சொன்னார். வர்கீஸ் சேட்டன் எப்போதோ டிவியிலிருந்து பதிவு செய்த வீடியோ கேசட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் பூஞ்சை பிடித்து, பூனையே ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது.

"ஈ தான். சின்ன வயசுல டிவியில பார்த்தது எனக்கு ஓர்மை உண்டு," என்றார் வர்கீஸ் சேட்டன்.

ரஷீது சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போன வாரம் கேட்டப்ப பூனை வெள்ளைன்னு சொன்னீங்க. படத்துல சாம்பல். ஈயா இருந்தா அசையணும். இது அசையவே இல்ல."

"சாரோட கிளாஸ்ல பிள்ளைங்க ஒரு பீரியட் அனங்காம, அசையாம இருக்கறதில்லையா? அது மாதிரி."

"என் கிளாஸ்ல யாரும் அனங்காம இருந்ததே இல்ல, வர்கீஸே."

நான் மூக்கு சுழிப்பதைப் போட்டுக் காட்டினேன். வர்கீஸ் சேட்டன் மேசையைத் தட்டினார். ரஷீது சார் முதல் காட்சியைப் போடச் சொன்னார். அங்கே மீன் வாசனைக்குப் பூனையின் மூக்கு அதே மாதிரி சுழிக்கிறது, புள்ளி இல்லை.

"அப்ப மூக்கு சுழிக்கிறது மீனுக்குத்தான். பக்கத்துலதானே கூடை இருக்கு," என்றார் சார்.

வர்கீஸ் சேட்டன் கேசட்டை மறுபடி துணியில் சுற்றினார். சுற்றியபடியே சொன்னார்: "ஒருவேளை வரஞ்ச ஈ இல்ல, சரிக்கும் உள்ள நெஜ ஈயோ? படம் எடுக்கறப்ப வந்து ஒட்டிக்கிச்சு."

"அப்ப அது தூசியா, ஈயா?" என்று கேட்டார் சங்கரேட்டன்.

ரஷீது சார் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "தூசிய விட்டா சோம்பேறின்னு சொல்வாங்கம்மா. ஈய அழிச்சா கொலகாரின்னு சொல்வாங்க. பார்த்துச் செய்யுங்க."

சங்கரேட்டன், "சுபா தீர்மானிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். மறுநாள் நான் புள்ளியை அழித்துப் பார்த்தேன். பூனை சுத்தமாகத் தூங்கியது. மூக்கு சுழித்தபோது மட்டும் ஏதோ குறைந்தது. திரும்ப வைத்தேன். வைத்தால் அழுக்காகத் தெரிந்தது. மறுபடி அழித்தேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணி மூன்றாகிவிட்டது, மீனுவை அழைக்கப் போக வேண்டும். அப்போது திரையில் புள்ளி இருந்தது. அப்படியே சேமித்துக் கொடுத்துவிட்டேன்.

வெளிவந்த பிறகு

டிஸ்க் வாங்கியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த வாரம், போன் அடித்தால் இரண்டு மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். மீசைக்கு நல்ல பெயர் கிடைத்தது. டைட்டில் கார்டைப் பாராட்டினார்கள். பிறகு சேகரிப்பவர்களின் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதினார்: வேலை சுத்தம், ஆனால் பூனை மூக்கில் ஒரு தூசியை விட்டுவிட்டார்கள், கவனக்குறைவு. அதற்குக் கீழே இன்னொருவர், அது ஈ ஐயா, கண்ணாடியை மாற்றுங்கள் என்று எழுதினார். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

கவனக்குறைவு என்ற சொல்லைப் பார்த்த அன்றே சங்கரேட்டன் என்னைக் கூப்பிட்டார். மும்பைக்கு வேலை போகிறது என்று நினைத்துக்கொண்டு பையையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"பை எதுக்கு? மூணு மணி ஆகலையே," என்றார். "புள்ளியப் பத்தி சண்ட போடறாங்கன்னா, மத்தது ஒண்ணிலயும் குத்தம் கண்டுபிடிக்க முடியலன்னு அர்த்தம். நீ இங்கேயே இரு. அடுத்த பெட்டியில உன் பேரும் போடறேன்."

அந்த அடுத்த பெட்டிதான் இப்போதைய பிரச்சினை. முதல் பதிப்பு தீர்ந்துவிட்டதால் இரண்டாம் பதிப்பு போடுகிறோம். புள்ளி இருக்கணுமா, போகணுமா என்று சங்கரேட்டன் மறுபடியும் என்னையே கேட்கிறார். ரஷீது சார் நீக்கச் சொல்கிறார். வர்கீஸ் சேட்டன், "நீக்கினா ஈ உள்ள பூனை ஒண்ணு, ஈ இல்லாத பூனை ஒண்ணு, நான் ரெண்டும் ரெண்டு ரெண்டா வாங்கணும் அல்லே?" என்று கேட்டார். சங்கரேட்டன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு விதமாகவும் வெளியிடலாம் என்று அவர் சொல்லத் தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். வரைந்தவர் ஒரு பூனையைத்தான் வரைந்தார். என் பெயரும் அதில் வரப்போகிறது. இரண்டில் ஒன்று பொய் என்று தெரிந்தே எப்படிக் கொடுப்பது?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்வதானால், கேட்க ஆள் இல்லாத இடத்தில் அழிக்காமல் விடுவது நல்லது என்று சொல்வேன். அழித்துவிட்டால் அதைப் பற்றிச் சண்டை போடக்கூட யாருக்கும் எதுவும் இருக்காது. ஆனால் அழிக்காமல் விட்டதும் ஒரு முடிவுதானே, அதுவும் மூன்று மணி அவசரத்தில் எடுத்ததுதானே என்று உடனே தோன்றுகிறது. அதனால் இதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பள்ளிக்கூட ஹாலில் தரையில் உட்கார்ந்து இந்தப் பூனைப் படத்தைப் பார்த்தவர்கள் உங்களிலோ உங்கள் வீட்டிலோ இருக்கலாம். ஈயைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் இல்லாத ஈயும் ஞாபகத்துக்கு வந்துவிடும். இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: பூனை தூங்கும்போது, அதன் மூக்கு ஒரு முறை சுழித்த இடத்தில், ஹாலில் பிள்ளைகள் சிரித்தார்களா? சிரித்திருந்தால் அந்தப் புள்ளியை யாரோ சிரிக்கவைக்கத்தான் வரைந்திருக்கிறார், அது இருக்கட்டும். ஹால் அமைதியாக இருந்திருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். நான் துடைத்துவிடுகிறேன்.