காவக்காரன் பொண்டாட்டி கேட்ட கேள்வி

செல்லக்கனியை வைத்துக்கொண்டு வேதம் படித்தால் உருப்பட்ட மாதிரிதான். நோவாவின் பேழைக்குள் சாணி அள்ளியது யார் என்று கேட்டு, பாடம் நடத்தும் பரிபூரணம் அக்காவையே ஒருநாள் திணறடித்தாள். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த நூல் மில்லிலும் எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது. அங்கேயும் வாய் ஓயாது. அவள் புருஷன் ராக்கப்பன் அதே மில்லுக்கு வாட்ச்மேன். சர்ச் பக்கம் வரமாட்டார். அவளைத் தடுக்கவும் மாட்டார்.

எண்பத்தாறில் போனஸ் கேட்டு ஸ்டிரைக் நடந்தது. என் வீட்டுக்காரர் காமராஜ் சங்கத்தில் முன்னால் நின்றவர். மெஷினை உடைத்தார் என்று பொய்ப்பழி போட்டு, போலீஸ் வரும்வரை அவரைக் குடோனில் பூட்டிவைத்தார்கள். வாசலில் ராக்கப்பன் காவல். ஜீப் வந்து பூட்டைத் திறந்தபோது உள்ளே ஆளில்லை. பின்சுவர் ஜன்னலில் துருப்பிடித்த கம்பியை வளைத்து வெளியே குதித்திருந்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பரிபூரணம் அக்கா வீட்டில் வேதபாடம். அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தை நான்தான் எடுக்கச் சொன்னேன். ஏரோது ராஜா இயேசுவின் சீஷன் யாக்கோபைக் கொன்று, இன்னொரு சீஷன் பேதுருவைச் சிறையில் போடுகிறான். சபை ஜெபிக்கிறது. தேவதூதன் வந்து பேதுருவை வெளியே கூட்டிப்போகிறான். வழக்கம்போல் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்தோம். ஜெபம் நடந்த வீட்டுக்குப் பேதுரு வந்து கதவைத் தட்டியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால், உள் அறையில் என் வீட்டுக்காரர் ஒளிந்திருந்தார். அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

சந்தோஷம் வந்த இடத்தில் வேதத்தை மூடி, ஸ்தோத்திரம் சொல்லி, காப்பி குடிப்பது எங்கள் பழக்கம். அக்கா அடுப்படிக்குப் போக எழுந்தாள். செல்லக்கனி மட்டும் மூடவில்லை.

"யக்கா, அந்தக் காவக்காரங்க என்ன ஆனாங்க?"

"அது எதுக்குட்டி உனக்கு? ஸ்தோத்திரம் சொல்லு."

"இந்தா, போட்டிருக்கே" என்று விரலை வைத்து மேலே வாசித்தாள். பேதுருவைக் காணாத ஏரோது, காவற்காரர்களை விசாரித்து, அவர்களைக் கொல்லச் சொல்லிவிட்டான். இத்தனை வருஷத்தில் என் கண்ணில் அது பட்டதேயில்லை.

"பூட்டுன கதவத்தானே பாத்துக்கிட்டு நின்னாங்க? என்ன தப்பு செஞ்சாங்க?" அவள் குரல் உடைந்தது. "நேத்துலருந்து எங்க வீட்டுக்காரரு ஸ்டேஷன்ல உக்காந்திருக்காரு. காமராஜ் அண்ணன் கிடைக்கலன்னா, தப்பவிட்டது இவருதான்னு கேஸாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ என் புருஷன் மாட்டணுங்கியா? ஏட்டி, உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

"அப்படிச் சொல்லலக்கா, கேக்கேன். அம்புட்டு ஜெபம் பண்ணுனோமே, காவலுக்கு நின்ன மனுஷனுக்காக யாராவது பண்ணுனமா?"

திரைச்சீலை விலகியது.

"நான் இங்கனதான் இருக்கேன், தங்கச்சி" என்றார் என் வீட்டுக்காரர். "வெளிய கோஷம் போட்ட சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. வா, போய்ச் சொல்லுவோம்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன், கத்தினேன், காலில்கூட விழுந்தேன். மனுஷன் நிற்கவில்லை.

ராக்கப்பன் அன்று மாலையே வீடு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை போனது போனதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, கேஸ் தள்ளுபடியாக வருஷக்கணக்கானது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராக்கப்பன் லீவு போட்டுவிட்டு இவரோடு பஸ் ஏறினார். நான் செல்லக்கனியோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து மெஷினில் இருந்துகொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நூல் சுற்றினேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வேதத்தைத் திறந்தபடியே வந்து நின்றாள்.

"யக்கா, பதினாறாம் அதிகாரம். பவுல் இருந்த ஜெயில்ல பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துருது. கைதிக ஓடிட்டாங்கன்னு காவக்காரன் கத்தியால குத்திக்கிட்டுச் சாகப் போறான். எல்லாரும் இங்கதான் இருக்கோம்னு உள்ளருந்து பவுல் சத்தம் குடுக்காரு. அண்ணன் இத முந்தியே படிச்சிருக்காரா?"

"அவரா? பிரசங்கத்துக்கே குறட்டை விடுற ஆளு" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தக் காவக்காரன் பொண்டாட்டி பேரு என்னக்கா?"

"பேரு போடலட்டி."

"பவுல் வீட்டுக்காரி பேரு?"

"அவருக்குக் கல்யாணமே ஆகல."

"நல்லவேளை" என்றாள். "இருந்தா, காவக்காரன் பொண்டாட்டி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிப்பா?"

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தூக்குவாளியைத் திறந்து, பாதிச் சோற்றை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.