பின்னச்சுக்குப் பின்னே ஒரு சாண்

ஃபிப்த் வீல் கொளுவியின் நடு, பின்னச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே இருக்க வேண்டும். பின்னே போகக் கூடாது. இதுதான் விதி. கொளுவி என்பது பிக்கப்பின் பெட்டிக்குள் பூட்டும் இரும்புத் தட்டு. ட்ரெய்லரின் மூக்கு அதன்மேல் அமரும். தட்டு பின்னே போனால் அந்தப் பாரம் முன்சில்லுகளைத் தூக்கும். பிறகு ஸ்டியரிங் வெறும் அலங்காரம்.

1986இல் டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு பட்டறையில் நான் வண்டி வேலைகளுக்கு அளவுப் படம் கீறிக்கொண்டிருந்தேன். மைஸ்டர், அதாவது முதலாளி, வேறொரு விதி வைத்திருந்தார்: முற்றத்தில் ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பது. கேபின் கண்ணாடி உடையாவிட்டால் வண்டி பாஸ். அன்று வந்த பிக்கப்பின் பெட்டி கட்டை. வளைக்கும்போது ட்ரெய்லர் கேபினில் இடித்தது. கொளுவியை அச்சுக்கு ஒரு சாண் பின்னே பூட்டச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது.

வண்டிக்காரர் சந்தைகளில் சொசேஜ் விற்பவர். ஜெனரேட்டரையும் காஸ் சிலிண்டர்களையும் ட்ரெய்லரின் மூக்கிலேயே அடுக்கினார். மூக்கின் பாரமும் பிக்கப் தாங்கும் எடைக்குள் சேரும், அது ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றேன்.

“ட்ரெய்லருக்குச் சொந்தச் சில்லு இருக்கு. அதின்ர பாரத்தை ஏன் என்ர தலையில கட்டுறாய்?” என்றார்.

“நீ படத்தைக் கீறு,” என்றார் மைஸ்டர்.

கீறினேன். அளவுகளோடு மூன்று பிரதி எடுத்து, வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன். பதில் வரும்வரை நிறுத்தி வைக்க மைஸ்டர் சம்மதிக்கவில்லை. வண்டியைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சேவியர் அண்ணைக்கு. மன்னாரில் லொறி ஓட்டியவர். மனைவியும் இரண்டு மகள்களும் அங்கே. அவருடைய வேலை அனுமதி இந்தப் பட்டறைக்கு மட்டும்.

“அண்ணை, கொண்டு போகாதேங்கோ. முன்சில்லு நிலத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நிக்குது.”

“ஏலாது எண்டு சொன்னா, நாளைக்கு வேலையை நீரே தருவீர், தம்பி?”

ஈரமான ஒரு வளைவில் அவர் திருப்பினார், வண்டி திரும்பவில்லை. நேரே போய் ஒரு தோட்டத்து மதிலில் நின்றது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

அவர் வேகமாக ஓட்டினார் என்று மைஸ்டர் எழுதிக் கொடுத்து அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். வேலையோடு அனுமதியும் போயிற்று. விசாரணையில் கொளுவியின் இடத்தைப் பற்றி நல்ல ஜெர்மன் மொழியில் விளக்கினேன்.

“பரிசோதனை நிலையத்தின் கருத்து உண்டா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

“கேட்டிருக்கிறேன்.”

“கேள்வி சான்றாகாது.”

நடைமுறைப்படி அது சரி. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். சேவியர் அண்ணையின் லைசென்ஸைப் பறித்தார்கள்.

வெளியே வந்து சேவியர் அண்ணை சிகரெட் பற்றவைத்தார். “நீர் சொன்னது சரி, தம்பி. மனிசிக்கு நான் என்னெண்டு சொல்லுறது? தட்டு ஒரு சாண் பின்னுக்கு எண்டோ?”

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ட்ரெய்லரைக் கொளுவ முன்னும் கொளுவிய பின்னும் முன்னச்சைத் தனியாகத் தராசில் ஏற்றி நிறுங்கள். சரியான ஆளாக மட்டும் இருப்பதில் யாருக்கும் பிரயோசனமில்லை.

பெப்ரவரிக் கடைசியில் அவர் யாரோ ஒருவரின் காரில் பிரான்ஸ் பக்கம் போனார். எல்லையில் பிடிபட்டார் என்றார்கள். பிறகு அப்படிச் சொல்லவும் ஆளில்லை.

கொளுவி அந்த இடத்தில் இருக்கவே கூடாது என்று பரிசோதனை நிலையத்தின் பதில் வந்தது, மார்ச் ஒன்பதாம் திகதி.