ஐயாவின் கண்ணுக்கு நேர்ந்தது

ரப்பர் தோட்டப் பிள்ளைகளுக்காகக் கல்விச் சங்கங்களைத் தொடங்கிய, மறைந்த ஐயாவின் நினைவு மலருக்காக இன்று மலேசியாவின் ஸ்கூடாயில் கூடினோம்.

“1930களில் ஒரு விபத்தில் கண்ணை இழந்தார்” என்று நான் எழுதியிருந்ததை வாசித்தேன்.

எழுபதைத் தாண்டிய புஷ்பம் அக்கா எழுந்தார்.

“விபத்து இல்லம்மா. பிள்ளைங்க வேலைக்கு வராம இவர்கிட்ட படிக்கப் போனாங்கன்னு, கங்காணி பால் வெட்டுற கத்தியால கண்ணத் தோண்டுனாரு. சிலேட்டெல்லாம் ரத்தம். அந்தக் கங்காணி எங்க தாத்தா.”

மலர்க் குழுத் தலைவர் பதறினார். “நல்ல காரியத்துல இது எதுக்கு லா, அக்கா?”

“ஐயா மரத்துல மோதிட்டேன்னு பொய் சொல்லி எங்க மானத்தக் காப்பாத்துனாரு. செத்தும் காப்பாத்தணுமா?”

அங்கேயே வரியைத் திருத்தினேன். தலைவர் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

மலர் முழுவதும் என் கணினியில்தான் இருக்கிறது என்பதை அவருக்கு யாராவது சொல்வீர்களா?