மடங்கிய மூன்று பின்கள்

அன்று யார் மேலும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. தப்பு என்னுடையது.

காட்டூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையிலேயே சர்வர் நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க மானிட்டரை மாட்டப் போனேன். சர்வரின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. கையை விட்டுத் தடவி, கேபிளைத் தலைகீழாக வைத்து அழுத்திவிட்டேன். எடுத்துப் பார்த்தால் முனையில் மூன்று பின்கள் மடங்கியிருந்தன. வேறு கேபிள் இல்லை.

வெளியே காத்திருந்தவர்கள் கேட்டபோது, "நெட் லைன் வரலைங்க, நான் என்ன பண்றது?" என்று எரிந்து விழுந்தேன்.

வெறும் வயிற்றோடு வந்திருந்த மனைவியை உட்காரவைத்துவிட்டு ஒருவர் கதவருகே வந்தார். என் கையிலிருந்த கேபிளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"குடுங்கம்மா. நான் கல்லு பட்டை தீட்டுறவன்."

சட்டைப் பையிலிருந்து கல் பிடிக்கும் சின்ன இடுக்கியை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினார்.

இந்த முறை சர்வரை முன்னால் இழுத்து, பார்த்து மாட்டினேன். திரை வந்தது. அதில் தெரிந்த கோளாறைச் சரிசெய்ததும் கொஞ்ச நேரத்தில் சர்வரும் ஓடத் தொடங்கியது.

"என்னங்க ஆச்சு?" என்று வெளியே யாரோ கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "லைன் வந்துடுச்சுங்க."

பிறகு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்களுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

இப்போதெல்லாம் எது கெட்டாலும் வெளியே போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்காக இன்னொருவர் பொய் சொல்லும்படி ஆகக்கூடாது.