இனாஸ் ஒட்டிய அறிவிப்பு

கஞ்சியில் பாதியைத் தான் குடிப்பார், மீதியைச் சுவருக்கு வைப்பார் இனாஸ் குலாசோ. பதினோரு மணிக்குக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிப்பது கோவாக்காரர் எவரும் செய்வதுதான். மிச்சக் கஞ்சியைப் பசைப் பதத்துக்குக் காய்ச்சி அதில் வேப்பிலைச் சாறு பிழிவது இவர் ஒருவர்தான். கசப்பு இல்லாவிட்டால் ஒட்டிய தாளை மாடு தின்றுவிடும். "மாட்டுக்கு வேப்பிலை போதும். கிழிக்கிற மனுசனுக்கு எதைக் கலக்குறது, சொல்லுங்க" என்பார்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் அவர் ஒப்பந்தப் பியூன். மனு வாங்கி முத்திரை குத்தும் எழுத்தர் ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. அந்த வேலையும் இவர் தலையில்தான். யாராவது கட்டடம் கட்ட அனுமதி கேட்டால், 'ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம்' என்ற அறிவிப்பை ஒட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால், பல்லி மட்டும் படிக்கிற இடத்தில் ஒட்டினாலும் கணக்கு தீர்ந்துவிடும். இனாஸ் அப்படிச் செய்ய மாட்டார். மனைவி பெர்பெத்தை நிற்கவைத்து, அவள் கண் மட்டத்துக்கு ஒரு மூங்கில் கழியில் வெட்டுப் போட்டு வைத்திருக்கிறார். எந்தச் சுவரானாலும் அந்த அளவுதான். "அவ படிச்சா போதும். ஒட்டுறது என் வேலை, ஊருக்குப் பரப்புறது அவ வேலை."

போன மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் குன்றை வெட்டி நாற்பது பங்களா. அந்தக் குன்றின் அடியில்தான் ஊற்று. கீழே உள்ள நெல் வயல்களும், இனாஸ் வீட்டுக் கிணறு உட்பட அறுபது கிணறுகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. குன்று போனால் ஊற்று என்ன ஆகும் என்று சொல்ல எஞ்சினியர் படிப்பா வேண்டும்? தேவாலய வாசலில், மீன் சந்தையில், ஊற்றங்கரையில் ஒட்டினார். மூன்றே நாளில் காணோம். மறுபடி ஒட்டினார், மறுபடி காணோம். மூன்றாம் முறை அண்டாவில் பசை காய்ச்சினார்.

பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் விட்டல் காவ்கர் கூப்பிட்டு விட்டார். "என்னய்யா, ஊர் பூரா தோரணம் கட்டுறே? ஒரு இடத்துல ஒட்டினா போதாதா?"

"எல்லாருக்கும் தெரியிற இடத்துலன்னு விதியில போட்டிருக்கு, பாப். அது எந்த இடம்னு எனக்குப் பிடிபடலை. அதான் எல்லா இடத்துலயும் ஒட்டிட்டேன்." ஊரில் மரியாதைக்குச் சொல்கிற அந்த 'பாப்'பை இனாஸ் எப்போதும் விடுவதில்லை.

ஊர் படித்தது. படித்ததோடு சரி! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிராம சபை கூடியபோது அடடா, என்ன சத்தம்! ரொட்டிக்காரர் பாஸ்கு நாற்காலி மேல் ஏறி நின்று, "குன்று மேல கை வச்சுப் பாரு, கை இருக்காது!" என்று கத்தினார். மீன் விற்கிற பெண்கள் கை தட்டினார்கள். அப்புறம் இறால் குழம்பு ஆறிவிடுமே என்று எல்லோரும் வீட்டுக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். ஒருவர்கூட எழுதிக் கொடுக்கவில்லை. பாஸ்கு எழுதியிருப்பார் என்று மீன்காரிகள் நினைத்தார்கள். பாதிரியார் எழுதியிருப்பார் என்று பாஸ்கு நினைத்தார். இனாஸ் கண்ணில் பட்டவரிடமெல்லாம் கேட்டார்: "தொண்டை கிழியக் கத்துறீங்களே, கத்தலுக்கு எங்கய்யா நான் முத்திரை குத்துறது?"

முப்பதாவது நாள், மாலை நாலே முக்கால். ஐந்து மணிக்கு ஜன்னலை மூட வேண்டும். பதிவேட்டில் ஆட்சேபம் ஒன்றுகூட இல்லை. 'ஆட்சேபம் ஏதுமில்லை' என்று நாளைய கூட்டத்தில் ஒரு வரி எழுதினால் குன்று போயிற்று. ஜன்னலுக்கு வெளியே நாலு பேர் நின்றிருந்தார்கள். முதல் ஆள் பாஸ்கு, அடுப்பு உரிமம் புதுப்பிக்க வந்தவர்.

"எழுதிட்டியா பாஸ்கு?"

"உரிமம் கேட்டு வந்திருக்கிற நேரத்துல நம்ம பேர் எதுக்கு, இனாஸ் பாப்? பெரியவங்க யாராச்சும் எழுதுவாங்க."

இனாஸ் எழுந்தார். கழுத்தில் தொங்கிய பஞ்சாயத்து அட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பின் வாசல் வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றி வந்து, வரிசையில் கடைசியாக நின்றார். முன்னால் நின்றவர்கள் காலி நாற்காலியைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள், விலகி வழி விட்டார்கள். சட்டைப் பையிலிருந்து, தன் ஆட்சேபத்தை எழுதி மடித்திருந்த தாளை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே வைத்தார்.

சர்பஞ்ச் அறையிலிருந்து ஓடி வந்தார். "இது என்ன கூத்து இனாஸ்? மாசக் கடைசியில உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

"நல்லாவே இருக்கு பாப். அட்டை உள்ளே தொங்குது பாருங்க. இப்ப நான் மூணாவது வார்டுக்காரன், கிணறு வச்சிருக்கிறவன்."

மறுபடி கட்டடத்தைச் சுற்றி உள்ளே போனார். அட்டையை மாட்டிக்கொண்டார். யாரோ கொடுத்த மனுவைப் படிப்பதுபோல முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரை படித்தார். ஓங்கி முத்திரை குத்தினார். பதிவேட்டில் எண் ஒன்று என்று எழுதி, ரசீதைக் கிழித்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வெளியே போய் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மணி ஐந்தாக இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து ஜன்னல் வழியாகப் பாஸ்குவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அடுத்த ஆளு?"

பாஸ்கு அசையவில்லை. நீட்டிய கையை இனாஸ் உள்ளே இழுக்கவும் இல்லை.