எங்கள் தெருவின் இரண்டாவது ஷிப்டு

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளில் பதினோரு விதிகள் இருந்தன. அவற்றை எங்கள் தெருவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். நடந்ததை எந்தப் பக்கமிருந்து சொல்ல ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தத் தாளிடம்தான் வந்து நிற்கிறேன். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவும் பள்ளிக்கூடமும். அந்தப் பக்கம் தொழிற்சாலை. தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு ஆண்களுக்கும் அங்கேதான் வேலை. என் கணவர் ஃபிட்டர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் எங்களுக்கு. அந்த வருஷம்தான் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். நான் எட்டாவது வரை படித்தவள். தெருப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊரிலிருந்து வரும் கடுதாசி, ரேஷன் அட்டை, மருந்துச் சீசாவில் ஒட்டிய சீட்டு எல்லாம் என் கைக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரி என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

தாளைக் குழாயடியில் வைத்து வாசித்தேன். பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை நகம் வெட்டியிருக்க வேண்டும். பலகை துடைக்க ஈரத்துணி கொடுத்தனுப்ப வேண்டும். எச்சில் தொட்டுத் துடைக்கக் கூடாது. வராத நாளுக்குக் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஆசிரியையைப் பார்க்க வெள்ளிக்கிழமை மட்டும் வரலாம். பெற்றோர் பிள்ளையை கேட்டில் விட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட வேண்டும், அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடாது.

ஒன்பதாவது விதிதான் புதியது. மறு உத்தரவு வரும் வரையில் சின்ன வகுப்புகளுக்கு இனி அரை நாள்தான் பள்ளிக்கூடம். 'அ' பிரிவுக்குக் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, 'ஆ' பிரிவுக்குப் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை. எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரும் 'அ' பிரிவு.

"மூணு மணி நேரத்துல இன்னாத்த படிக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கத்துக்கணுமாம். அரசாங்கம் அப்படிச் சொல்லுதாம்" என்றேன்.

"இன்னா தொயிலு? எம் பொண்ணோட நைனா பாய்லர்ல கரி தள்றாரு. அஞ்சரை வயசுப் பொண்ணை இட்டுகினு போயி பாய்லராண்ட குந்த வைக்கவா?"

குழாயடி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தாளின் அடியில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். என் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். மற்ற ஏழு தாளிலும் 'படித்துக் காட்டப்பட்டது' என்று நானே எழுதி, பக்கத்தில் கட்டைவிரல் ரேகை வாங்கினேன். அவர்கள் படிக்கவில்லை, நான் வாசிக்கக் கேட்டார்கள். அதனால் அப்படி எழுதினேன்.

முதல் வாரம் எந்தக் குழப்பமும் இல்லை. காலையில் கொண்டுபோய் விட்டோம், பதினொரு மணிக்குக் கூட்டிவந்தோம். அந்த வாரம் என் கணவருக்கும் காலை ஷிப்டு.

ஞாயிற்றுக்கிழமை அவர் சவரம் செய்துகொண்டே கேட்டார்.

"நாளைலேர்ந்து எனக்கு ரெண்டாவது ஷிப்டு. பாப்பாவுக்கும் அதானே?"

"அவளுக்கு எப்பவும் காலையிலதான். அப்படித்தான் போட்டிருக்கு."

"எப்பவும் காலையிலன்னா, அந்த இன்னொரு பேட்சு பசங்க எப்பவும் வெயில்ல வந்துகினு இருக்குமா? யாரு ஒத்துப்பாங்க? ஷிப்டுன்னா வாரத்துக்கு வாரம் மாறணும்."

"மாறும்னு அதுல எழுதலையே."

"அதெல்லாம் எழுதுவாங்களா? எங்க கம்பெனி நோட்டீசுல எழுதிக்கீதா? ஞாயித்துக்கிழமை வந்தா மாறும், அவ்ளோதான்."

எதிர் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். தாளில் அப்படி எழுதலையே என்று நான் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். தெருவில் யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. வாரம் ஒரு முறை தூக்கத்தையும் சாப்பாட்டையும் மாற்றி வைத்துக்கொண்டே வளர்ந்த தெரு அது. ஒருவன் எப்போதும் காலையிலேயே வேலைக்குப் போவான், இன்னொருவன் எப்போதும் மத்தியானமே போவான் என்பது அவர்களுக்கு அநியாயமாகப் பட்டது. நான் உள்ளே போய்த் தாளை எடுத்து ஒன்பதாவது விதியை மறுபடி படித்தேன். 'மறு உத்தரவு வரும் வரையில்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த உத்தரவு எப்படி வரும்? வந்தால் நமக்கு யார் சொல்வார்கள்? இவர்கள் சொல்வதுதான் அந்த உத்தரவோ? அன்று எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். இப்போது படிக்கும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது.

மகள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். "பாப்பாவும் நைனாவும் ஒரே ஷிப்டு" என்று அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், மீனவர் தெருப் பிள்ளை, எண்ணெய் வழியப் பின்னிய தலையும் பையுமாக அம்மாவோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனாள். பார்த்தேன். துடைப்பம் கையில் இருக்க அவர்கள் முனை திரும்பும் வரை பார்த்தேன். 'அவர்களுக்கு மாறவில்லையோ' என்று நினைத்தேன். பிறகு, 'அவர்களுக்கு விஷயம் தெரியவில்லை போலிருக்கிறது, பாவம்' என்று நினைத்தேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருஷத்தில் நூறு முறை என்னையே கேட்டுவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு நானும் பக்கத்து வீட்டுக்காரியுமாக எட்டுப் பிள்ளைகளையும் கேட்டில் கொண்டுபோய் விட்டோம். மணி அடித்தது. விதிப்படி நிற்காமல் திரும்பிவிட்டோம். நாங்கள் முனை திரும்பிய பிறகு, கேட்டில் நின்ற ஆயா பிள்ளைகளைப் பிரிவு கேட்டிருக்கிறாள். "அ" என்று சொன்னதும், "காலைல வர்றதுக்கு இன்னா? பூடுங்க வூட்டுக்கு" என்று கேட்டைச் சாத்திவிட்டாள். அதுவும் விதிப்படிதான்.

எனக்கு இது எதுவும் தெரியாது. கணவர் ஒன்றரை மணிக்கு வேலைக்குக் கிளம்பிப் போனார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் இரண்டு மணிச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் வாயில் புளியங்காயோடு தெருவில் வந்தாள். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"இன்னாடி, இஸ்கூலு?" என்று அவள் அம்மா கத்தினாள்.

"நம்பளுக்கு இல்லியாம். ஆயா தொரத்திட்ச்சு. கோயில் கொளத்தாண்ட வெளாண்டோம்."

ஒவ்வொருவராக வந்தார்கள். நான் எண்ணினேன். ஏழு. என் மகள் இல்லை.

"அவ எங்கே?" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள்.

"அது அப்பவே பூட்ச்சு. நான் எங்க நைனா ஷிப்டுன்னு சொல்ட்டு பூட்ச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்த ஷிப்டில் அவளுக்கு இன்னொரு இடம் இருந்தது. அப்பா இருக்கும் இடம். நடுவில் ரயில் பாதை.

எந்த வழியாக ஓடினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பின்னால் ஓடி வந்தாள். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி எண்ணூர்ப் பக்கமாக முகம் வைத்து, தலையும் வாலும் கண்ணுக்குத் தெரியாமல் நின்றிருந்தது. அது அங்கே மணிக்கணக்கில் நிற்கும். வேலைக்குப் போகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கொக்கி மாட்டிய இடத்தில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். என் கணவரும் அப்படித்தான் போவார்.

கேட்காரரிடம் பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்டாள்.

"அண்ணாத்தே, சின்னப் பொண்ணு, பச்சைப் பாவாடை, பலகை வச்சிருந்துச்சு, பாத்தியா?"

"ரெண்டாவது ஷிப்டு ஆளுங்க போக சொல்லோ ஒரு பொண்ணு பூந்து போச்சும்மா. யாரோட பொண்ணோன்னு வுட்டுட்டேன்."

"வண்டி நகந்துச்சா?"

"ரெண்டு தபா நகந்து நின்னுது" என்றார் அவர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் எங்களோடு குனிந்து பெட்டிகளுக்கு அடியில் பார்த்தார். நான் ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். ஏதாவது தெரிந்தால் என்ன தெரியும் என்று நினைக்காமல் பார்த்தேன். ஜல்லியும் எண்ணெய்க் கறையும்தான். எத்தனை பெட்டி பார்த்தேனோ, பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனாள்.

தொழிற்சாலை வாசலில் காவல்காரர் எங்களைப் பார்த்ததுமே எழுந்தார்.

"ஒன் பொண்ணா? இங்கதான் கீது. யாரோடதுன்னு கேட்டு உள்ள சொல்லி அனுப்சேன், வேலைய வுட்டு யாரையும் ஃபோர்மேன் வுடல. யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டா, ரெண்டாவது ஷிப்டுன்னு சொல்லுது. சிரிக்கிறதா அழுவுறதான்னே தெரியல."

அவருடைய கொட்டகையில் பெஞ்சின் மேல் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் 'அ' எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மா, என்னை இன்னும் உள்ள கூப்பிடல" என்றாள்.

அவளைத் தூக்கவும் தெரியவில்லை, அடிக்கவும் தெரியவில்லை. "தண்டவாளத்தை எப்படித் தாண்டினே?" என்றுதான் கேட்டேன்.

"எல்லாரும் குனிஞ்சு போனாங்க. நானும் குனிஞ்சு போனேன்."

"வண்டி நின்னுதா?"

"நின்னுது. நடுவுல கொஞ்சம் போச்சு. நான் இரும்பைப் புடிச்சுகினேன். அப்புறம் நின்னுது."

இதை அவள் பயமில்லாமல் சொன்னாள். எனக்கு இன்றைக்கும் கூட்ஸ் வண்டி கிளம்பும்போது பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலை கையில் நின்றுவிடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை என்னை உட்காரச் சொன்னார். வாரா வாரம் மாறும் என்று நினைத்துத்தான் பிள்ளைகளை மத்தியானம் அனுப்பினோம் என்றேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. மேஜையிலிருந்து எட்டுத் தாள்களையும் எடுத்து என் முன் பரப்பினார்.

"வாரா வாரம் மாறும்னு இதுல எங்கே இருக்கு? காட்டுங்கம்மா."

"இல்லை."

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாம்."

"அப்புறம்?"

ஏழு கட்டைவிரல் ரேகைகளையும் பார்த்தேன். தொழிற்சாலை, ஷிப்டு, என் கணவர் சவரம் செய்துகொண்டே சொன்னது, துடைப்பத்தோடு நான் நின்றது எல்லாம் நினைவுக்கு வந்தன. திடீரென்று வேறொன்று வாயில் வந்தது.

"டீச்சர், ஆறு வயசுகூட ஆகாத பிள்ளையை வெளியே விட்டு கேட்டைச் சாத்தலாம்னு இதுல எத்தனாவது விதி?"

அவர் தாள்களைப் பார்த்தார். உண்மையாகவே தேடுகிறவர் போல ஒன்றிலிருந்து பதினொன்று வரை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு எட்டையும் அடுக்கி, ஓரம் தட்டி, மேஜைக்குள் வைத்தார்.

"பிரிவு மாறி உள்ளே விடக் கூடாதுன்னு நான்தான் ஆயாகிட்டே சொன்னேன். வெளியே விடுன்னு சொல்லலை. உள்ளேயும் விடாம வெளியேயும் விடாம அவ என்ன செய்வான்னு நான் யோசிக்கலை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்குன்னு எங்களுக்கே தெரியாதும்மா" என்றார்.

அவர் மேல் கோபப்படலாம் என்றுதான் போயிருந்தேன். திரும்பி வரும்போது அதுவும் இல்லை.

தெருவில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கணவர் இரண்டு நாள் சாப்பிடும்போது தலை நிமிரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"டீச்சரம்மா, நீ சொல்லிக்கீற. நாங்கதான் கேக்கல. ஆனா நீ சொன்னது, தெரிஞ்சவ சொல்ற மாரி இல்லியே. எங்களாண்டயே கேக்குற மாரி இருந்துச்சு."

அவள் சொன்னது சரி என்று தோன்றியது. ஆனால் தெரிந்தவள் மாதிரி சொல்ல எனக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்று யோசித்தால், அதுவும் பிடிபடவில்லை. தாளில் இருந்ததுதானே தெரியும்? தாளில் அதிகம் இருந்ததா, குறைவாக இருந்ததா?

அதற்குப் பிறகு விதிகள் எதுவும் மாறவில்லை. காலை எட்டு மணிக்கு மகளை கேட்டில் விடுவேன். மணி அடிக்கும். அங்கே நிற்கக் கூடாது என்பதால் பக்கவாட்டுச் சந்துக்குள் போய், ஒன்றாம் வகுப்பின் சுவருக்கு வெளியே நிற்பேன். ஆசிரியை பெயர் வாசிப்பது ஜன்னல் வழியாகக் கேட்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், "உள்ளேன் டீச்சர்." என் மகளின் பெயர் வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். பதில் வரும். ஆனால் அந்த வயதில் பெண் பிள்ளைகளின் குரல் எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. அது அவள் குரல்தானா, பக்கத்தில் உட்காரும் பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னதா என்று நடந்துகொண்டே குழம்புவேன். சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி நிற்பேன். உள்ளே எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதில் தனியாக ஒரு குரலைப் பிரித்தெடுக்க முடியாது.

பதினொரு மணிக்கு அவள் வெளியே வந்ததும், "பேர் கூப்பிட்டப்போ நீதான் சொன்னியா?" என்று கேட்பேன்.

"நான்தாம்மா. வேற யாரு?" என்பாள்.

சரி என்று கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவருவேன். மறுநாள் காலையில் மறுபடி அந்தச் சந்தில் போய் நிற்பேன்.