பொன்முடி பஸ்

தம்பானூர் பஸ் நிலையத்தில் நேற்று ஒரு கண்டக்டர் "கல்லாறு, பொன்முடி" என்று கூவினார். ஆபீசுக்குப் போகும் அவசரத்திலும் என் கால்கள் நின்றுவிட்டன.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது தம்பி ரவி காய்ச்சலில் இறந்துபோனான். அதன்பின் ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. ஞாயிறுதோறும் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, போன வழியிலேயே திரும்புவோம். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் ரவி போனதைப் பற்றி விசாரிப்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

ஒரு ஞாயிறு, தேங்காய் உடைத்து முடிந்ததும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பாமல் தம்பானூருக்கு நடந்தாள். பொன்முடி மலைக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"ஏன்னா, இதுல போலாமா?"

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லை. அதான் கேக்கறேன்."

 அப்பா என் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினார்.

மலையடிவாரத்தில் கல்லாறு நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றோரம் ஈரமும் பாசியும் மணக்கும் பாறையில் மூவரும் உட்கார்ந்தோம். கடையில் வாங்கிய, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த சூடான பழம்பொரியை அப்பா பிய்த்துக் கொடுத்தார்.

"ரவிக்கு இது ரொம்பப் பிடிக்கும்," என்றார்.

அவன் போனபின் அந்தப் பெயரை அவர் முதன்முதலாகச் சொன்னது அன்றுதான். அம்மா வாய்விட்டு அழுதாள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

நேற்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். அம்மா காலமானதிலிருந்து அப்பா வாசலைத் தாண்டுவதில்லை.

"சட்டையைப் போட்டுக்கோப்பா, வெளியில போலாம்," என்றேன்.

எங்கே என்று கேட்காமலே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு தம்பானூருக்கு நடந்தார்.